நேரலை என்று எழுதிவிட்டால் நேரலை ஆகிவிடுமா?

செவ்வாய்க்கிழமை இரவு ஒரு செய்தி அலைவரிசையில் ஓடிய அந்த வெள்ளக் காட்சியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் அக்கறையோடு அனுப்பிய புண்ணியத்தில் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். மலைச்சரிவில் நிற்கும் மூன்று மாடிக் கட்டடம் அடியோடு சாய்ந்து வெள்ளத்தில் விழுகிறது. கீழே சிவப்புப் பட்டையில் "மூழ்கும் குமரி: நேரலை" என்று ஓடுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை என்று சொல்லிக் காட்டினார்களே, அங்கே அப்படி ஒரு மலைச்சரிவு எங்கே இருக்கிறது என்று அந்த அலைவரிசையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது வேறு மாநிலத்தில் வேறோர் ஆண்டு விழுந்த கட்டடம் என்பதை அன்றிரவே நம் நண்பர்கள் தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்கடுத்துக் காட்டிய, ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய சப்பாத்துப் பாலம் மட்டும் நம்முடையதுதான். ஆனால் அது 2021 நவம்பர் வெள்ளம். இந்தச் செவ்வாய்க்கிழமை ஆற்றுநீர் சப்பாத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியதே தவிர அதை மூழ்கடிக்கவில்லை. அந்தி சாய்வதற்குள் மழையும் விட்டிருந்தது.

"ஒரு தவறான காட்சிக்கு இவ்வளவு கோபமா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கோபம் ஒரு காட்சிக்காக அல்ல. பேரிடர் என்றால் எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்றையும் தூக்கி எறிந்துவிட்டு, அலறல் ஒன்றை மட்டும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்டலாம் என்ற துணிச்சலின் மீதுதான் கோபம்.

அந்தத் துணிச்சலுக்கு என் சித்தி கொடுத்த விலையைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர், மூட்டுவலிக்காரர், திக்குறிச்சியில் ஆற்றுக்குச் சற்று மேட்டில் தனியாக இருக்கிறார். மகன் சவூதியில், தம்மாமில். அங்கே அறையில் ஓடிய தொலைக்காட்சியில் கட்டடம் விழுவதைப் பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு எனக்கு அழைத்தான். "அக்கா, அம்மைய இப்பமே அங்கயிருந்து கூட்டிட்டுப் போங்க, குழித்துறையில வீடெல்லாம் விழுந்திட்டு கெடக்கு" என்று அழுகிறான். நான் ஆற்றங்கரையில் இருக்கும் ஒருவரிடம் விசாரித்துவிட்டுத் திரும்ப அழைப்பதற்குள், அவன் பக்கத்து வீட்டாரையும், அவர்களுடைய உறவினரையும், ஆட்டோக்காரரையும் எழுப்பிவிட்டான். மழையே இல்லாத இரவில், தூக்கக் கலக்கத்தில் இருந்த கிழவியை வெள்ளத்திலிருந்து மீட்கிறோம் என்று நான்கு பேர் சேர்ந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாசி பிடித்த நடைக்கல்லில் கால் வழுக்கியது. ஆறு அவரை ஒன்றும் செய்யவில்லை. செய்திதான் விழ வைத்தது.

அந்தக் காணொளி இப்போது அவர்களுடைய யூடியூப் பக்கத்தில் இல்லை. சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஒரு வரி வருத்தம் கூடக் கிடையாது. போட்டதைப் பார்த்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர்; எடுத்ததை யாருக்கும் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும்? பேச்சிப்பாறை அணையின் 48 அடியில் இப்போது எத்தனை அடி, பெருஞ்சாணி அணையின் 77 அடியில் எத்தனை அடி, உபரிநீர் போகும் மறுகாலைத் திறந்திருக்கிறார்களா, திறந்தால் எத்தனை கன அடி. இவ்வளவுதான். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, திக்குறிச்சியையும் குழித்துறையையும் கடந்து தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் போகின்றன என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அணையில் எத்தனை அடி என்று சொன்னால், எப்போது மாட்டை அவிழ்க்க வேண்டும், எப்போது நெல் மூட்டையைப் பரணில் ஏற்ற வேண்டும் என்பதை ஆற்றங்கரையில் இருப்பவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை இரவு அந்த அலைவரிசையின் சிறப்பு நேரலையை நான் முழுவதும் பார்த்தேன். அணைகளின் நீர்மட்டம் ஒரு தடவை கூட வரவில்லை. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்பது மட்டும் மூச்சுக்கு மூச்சு வந்தது. நள்ளிரவில் திற்பரப்பில் குளிக்கப் போகிறவர் யார் என்று எனக்கு விளங்கவில்லை. அது முடிந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகுப் போக்குவரத்து நிறுத்தம், அதற்குமேல் திருவள்ளுவர் சிலையில் மோதும் அலை. சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் என்பது ஒரு சிலை, ஒரு பாறை, ஓர் அருவி. நடுவில் மனிதர்கள் இருப்பது எப்போதாவது ஒருவர் செத்தால்தான் தெரியவரும்.

வானிலை ஆய்வு மையம் அன்று விடுத்தது ஆரஞ்சு எச்சரிக்கை. தயாராக இருங்கள் என்பதுதான் அதன் பொருள். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்யக்கூடும் என்னும்போது அதை விடுக்கிறார்கள். அதற்கு மேல் போனால்தான் சிவப்பு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஆரஞ்சு நமக்குப் புதிதல்ல. அதை "மிரட்டும் ஆரஞ்சு" என்றும் "குமரியை விழுங்க வரும் பேய்மழை" என்றும் பின்னணி இசையோடு வாசித்தால், நாளை உண்மையிலேயே சிவப்பு வரும்போது எந்தச் சொல்லைத் தேடுவார்கள்? எல்லா மழையையும் பேய்மழை என்று கேட்டுப் பழகியவன் பேய்மழை வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெருமழையிலும் புயலிலும் முதலில் போவது மின்சாரம். 2017இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு நம் கிராமங்களில் எத்தனை நாள் இருட்டு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கம்பங்கள் சாய்ந்து, ரப்பர் மரங்கள் முறிந்து சாலையில் கிடந்த அந்த நாட்களில் நம்மில் யார் தொலைக்காட்சி பார்த்தோம்? மின்கலம் போட்ட வானொலிப் பெட்டி இருந்தவர்கள் நாகர்கோவில் வானொலியைக் கேட்டார்கள். ஆகவே இந்த நேரலைகள் பாதிக்கப்பட்டவர்களுக்காக எடுக்கப்படுபவை அல்ல. உலர்ந்த ஊரில் சோபாவில் சாய்ந்திருப்பவருக்காக எடுக்கப்படுபவை. இதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. "உங்களுக்காகக் களத்தில் நாங்கள்" என்று போடுகிறார்களே, அந்த "உங்களுக்காக" யார் என்பதுதான் என் கேள்வி.

படம் கிடைக்காத பேரிடர் அவர்களுக்குப் பேரிடரே அல்ல. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். புயல் இல்லை, சூறைக்காற்று இல்லை. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் காற்று எழுப்பும் நீண்ட அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நம் கரையில் ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. அந்த எச்சரிக்கையைத் திருச்சிக்காரரும் மதுரைக்காரரும் அறியும்படி முந்தைய இரவு முதல் செய்தியாக எந்தத் தொலைக்காட்சியாவது வாசித்ததா? நான் பார்த்தவரை இல்லை. வாசித்திருந்தால் என்ன காட்டுவார்கள்? அமைதியான கடலையா? மறுநாள் பிணங்கள் கரைக்கு வந்த பிறகு கேமராக்களும் வந்தன, பெற்றோர் கதறுவதை அண்மைக் காட்சியில் காட்டுவதற்கு.

இப்போது வழக்கமான பதில்கள் வரும் என்று தெரியும். ஊடகம் காட்டினால்தானே நிவாரணம் வரும் என்பீர்கள். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கிக் கிடந்தபோதும், செய்தி வெளியே வந்ததால்தான் ஆட்களும் உணவும் போயின. ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பு மிக்ஜாம் புயலில் சென்னைத் தெருக்களை மணிக்கணக்கில் காட்டிய அதே கேமராக்கள், தாமிரபரணிக் கரைக்கு வரும்போது ஏன் அவ்வளவு அசைந்து அசைந்து வந்தன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நிவாரணத்துக்காகத்தான் காட்டுகிறார்கள் என்றால், வெள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தல்லவா கேமரா போக வேண்டும்? அலுவலகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தா போவது?

களத்தில் நிற்கும் செய்தியாளர்களும் பிழைப்புக்காக நனைகிறவர்கள்தானே என்கிறார் ஒரு நண்பர். அவர்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். நம் மாவட்டச் செய்தியாளர்களுக்கு இரையுமன்துறை எங்கே, அழிக்கால் எங்கே, எந்த மாதத்தில் எந்த ஊரில் கடல் வீட்டுச் சுவரைத் தின்னும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரை "இடுப்பளவு இருக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்" என்று தொலைபேசியில் விரட்டுகிறவர்கள் வேறு ஆட்கள்.

"பிடிக்கவில்லை என்றால் ரிமோட்டை அழுத்துங்கள்" என்று அறிவுரை சொன்ன பெருமகனுக்கு: என் வீட்டு ரிமோட் என் கையில் இருக்கிறது. தம்மாமில் இருக்கும் ரிமோட்டை அழுத்த எனக்குக் கை எட்டவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சியும் அல்ல. வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பேரிடர், பெரு விபத்துக் காட்சிகளின் மேல் அவை எடுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் போடுங்கள் என்பதுதான் அது. நாட்கள் கழிந்த பிறகும் முதல்நாள் காட்சிகளையே ஓட்டினால் தேவையற்ற பீதி பரவும் என்று காரணமும் சொல்லியிருந்தது. திரையில் எத்தனை பட்டைகள் ஓடுகின்றன! தங்கம் விலை ஓடுகிறது, கட்சி அறிக்கை ஓடுகிறது, நகைக்கடை விளம்பரம் மூலையில் சுழல்கிறது. ஒரு தேதியை எழுத மட்டும் இடமில்லை. எழுதியிருந்தால் என் சித்தி அன்று தூங்கியிருப்பார்.

"உங்களுக்கு ஒக்கியிலிருந்தே ஊடகங்கள் மீது வன்மம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேசாமல் கடந்து போகலாம் என்றுதான் இருந்தேன். ஆமாம், இருக்கிறது. எதற்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம்மை உரசிச் சென்றபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் படகுகள் கடலில் இருந்தன. வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். கரையிலிருந்து சொல்லும் எதுவும் எட்டாத தொலைவில் இருந்தார்கள். எந்தப் படகு எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியது என்ற பட்டியலுக்காகப் பெண்கள் கோவில் முற்றங்களில் உட்கார்ந்திருந்தார்கள். லட்சத்தீவிலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் படகுகள் கரைசேர்ந்திருக்கின்றன என்ற தகவல் வாட்ஸ்அப்பிலும் கையால் எழுதி ஒட்டிய தாள்களிலும் வந்து சேர்ந்தது. டிசம்பர் 5 அன்று நம் செய்தி அலைவரிசைகள் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஒரு நடிகரின் வேட்புமனு ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்று இரவு வரை நேரலை ஓட்டிக்கொண்டிருந்தன. டிசம்பர் 7 அன்று மீனவ மக்கள் குழித்துறையில் ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அலைவரிசைகளின் வண்டிகள் வரிசையாக வந்தன.

வந்து என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்தேன். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அரிசியும் மெழுகுவர்த்தியும் கொண்டு சின்னத்துறைக்குப் போயிருந்தோம். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தாய், கணவரின் படத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். ஒரு தொலைக்காட்சிக் குழு அவரை மதிலோரம் நிறுத்தியிருந்தது. உறையில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது, படத்தை வெளியே எடுங்கள் என்றார் கேமராக்காரர். எடுத்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் பேசி முடித்ததும், "இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா, ஜெனரேட்டர் சத்தம் விழுந்திருச்சு" என்றார்கள். அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், மறுபடியும் அழுதார். படத்தில் விழுந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றிவிட்டு உறைக்குள் போடும்போது அதன் ஓரம் உப்பியிருந்தது. அந்தக் குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வாரத்தோடு சரி. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழாண்டு காத்திருக்க வேண்டும் என்ற சட்ட விதி தங்கள் தலையில் விழாமல் இருக்க அந்தக் குடும்பங்கள் எத்தனை அலுவலகப் படி ஏறின என்பதைப் பற்றி ஓர் அலைவரிசையாவது சிறப்பு நேரலை ஓட்டியதா? அதில் அலை இல்லை, மரம் முறியவில்லை, கட்டடம் சரியவில்லை. ஒரு பெண் கோப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம் காட்ட முடியும்?

இப்படி எழுதுகிறவளிடம்தான், நவம்பர் கடைசி நெருங்கினால், ஏதாவது ஓர் அலைவரிசையிலிருந்து அழைப்பு வருகிறது. ஒக்கி நினைவுநாள் நிகழ்ச்சியாம். "டீச்சர், நல்லாப் பேசக்கூடிய, கொஞ்சம் உணர்ச்சிவசப்படக்கூடிய யாராவது இருந்தா நம்பர் குடுங்க" என்று கேட்கிறார்கள். இந்த ஆண்டும் கேட்பார்கள். இந்தப் பதிவைப் படித்துவிட்டும் கேட்பார்கள். அந்தச் சின்னத்துறைத் தாயின் எண் என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். அதற்காக யாரும் உள்பெட்டிக்கு வர வேண்டாம்.