படிக்கும் நேரமும் வேலை நேரம்தான்

நேற்றுச் சரியாக இருந்த ஒரு முறை இன்று பிழையாகிவிடும் தொழிலில், அதைச் செய்பவர் படிப்பதற்குச் செலவழிக்கும் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது? கிளிநொச்சியில் இருந்துகொண்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கும், பரந்தன் தொடக்கம் வவுனியா வரை ஏ9 வீதியோரம் உள்ள கடைகளுக்கும் தேடுபொறி விளம்பரம் செய்து கொடுப்பவள் நான். இந்தக் கேள்வியை நெடுங்காலமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டேன். இனி வெளியே சொல்லாமல் இருக்க முடியாது.

மாதக் கணக்கை அனுப்பியதும் யாராவது ஒருவர் தவறாமல் அழைப்பெடுப்பார். “பிள்ளை, ஒருக்காச் செய்து விட்டால் பிறகு அது தன்ர பாட்டில ஓடும்தானே? இந்த மாதம் நீர் புதுசா என்ன செய்தனீர்?” என்பார். அவர் என்னை ஏமாற்ற நினைப்பவர் அல்லர், உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். விளம்பரப் பலகையை மதிலில் அறைந்துவிட்டால் அது நின்றுகொண்டிருக்கும்; கூகுள் விளம்பரமும் அப்படித்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மாதம் அவருடைய பணத்தில் ஒரு பங்கு வீணாகப் போகாமல் நான் தடுத்திருப்பேன். ஆனால் வராமல் போன நட்டத்தை எந்தக் கணக்குத் தாளில் எழுதிக் காட்டுவது? எழுத முடியாத காரணத்தால் அது வேலையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

“தன் பாட்டில் ஓடும்” என்று சொல்பவர்களுக்கு ஒரேயொரு விடயத்தை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன். தேடல் விளம்பரத்தில், எந்தச் சொற்களைத் தேடுபவருக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று நாம் ஒரு பட்டியல் கொடுப்போம். அதில் ஒரு சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், அந்தச் சொல்லையே தட்டச்சு செய்து தேடியவருக்கு மட்டும் விளம்பரம் தோன்றும் என்றுதான் முன்பு தொழில் கற்றவர்கள் எல்லோரும் கற்றார்கள். 2014 இல் எழுத்துப் பிழைகளும் அதற்குள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டன. 2017 இல் சொற்கள் முன்பின்னாக வந்தாலும் பொருந்தும் என்றார்கள். 2018 இல் அதே பொருள் தரும் வேறு சொற்களுக்கும் விளம்பரம் காட்டப்படும் என்றார்கள். அடைப்புக்குறி அன்றிருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது, அதன் வேலை மட்டும் முழுதாக மாறிவிட்டது. 2020 செப்டம்பரில் இருந்து, எந்தச் சொல்லைத் தேடியவர்கள் நமது விளம்பரத்தைச் சொடுக்கினார்கள் என்ற அறிக்கையிலும் போதிய எண்ணிக்கையில் தேடப்படாத சொற்களைக் காட்டாமல் விட்டுவிட்டார்கள். சொடுக்குக்கான பணம் போய்விடும், எதற்குப் போனது என்று முழுமையாகத் தெரியாது. பத்து வருடங்களுக்கு முன்பு இதைக் கற்று, பிறகு திரும்பிப் பார்க்காத ஒருவர் இன்றும் அந்த அடைப்புக்குறியை நம்பி ஒரு கடைக்காரரின் பணத்தைச் செலவழித்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் அனுபவமா?

வன்னியில் இது எப்படி வந்து விழுகிறது என்று பாருங்கள். காணி விற்பவர் ஒருவருக்கு விளம்பரம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். “கிளிநொச்சி காணி” என்று தேடுபவர்களில் காணி வாங்க வந்தவர் சிலர்தான். அனுமதிப்பத்திரத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று தேடுபவர், காணி உறுதிப் பத்திரம் தொலைந்துபோய்ப் பிரதி எடுக்க வழி தேடுபவர், தன் காணியில் வேறொருவர் இருப்பதற்குச் சட்ட ஆலோசனை தேடுபவர் என்று இங்கே காணிக்குப் பின்னால் அலையும் மக்கள் ஏராளம். போரும் இடப்பெயர்வும் கடந்து வந்த ஒரு மண்ணில் காணி என்ற சொல்லுக்குள் எவ்வளவு துயரம் கிடக்கிறது என்பது இங்கே வாழ்பவருக்குத் தெரியும், கூகுளின் தானியங்கிக்குத் தெரியாது. அனுமதிப்பத்திரம், உறுதி, வழக்கு, பிரதேச செயலகம் என்று ஒவ்வொரு சொல்லாக, விளம்பரம் காட்டக் கூடாத தேடல்களுக்கான விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முல்லைத்தீவை ஆங்கில எழுத்தில் “எச்” சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள், தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்து தேடுகிறார்கள், அவற்றையும் பார்க்க வேண்டும். இந்த அறிவை எந்தக் காணொளியும் சொல்லித் தரவில்லை. இந்த ஊரில் இருந்து, இந்தக் கணக்குகளை நாள்தோறும் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு இது. இதற்குத்தான் “சும்மா கணினிக்கு முன்னால் இருக்கிறாள்” என்று பெயர்.

இன்னொன்றும் உண்டு. கிளிநொச்சியில் வீடு வீடாகப் பிறந்தநாள் கேக்கும் பரிசுப் பொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் விளம்பரத்தில் இடத்தைத் தெரிவு செய்யும்போது, அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும் தெரிவுதான் இயல்பாகவே அமைந்திருக்கும். “அந்தத் தெரிவு பணத்தைத் தின்னும், இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்” என்பது பயிற்சி வகுப்புகளில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். பெரும்பாலான ஊர்களுக்கு அது நல்ல பாடம்தான். ஆனால் இந்தக் கடைக்கு அப்படிச் செய்தால் வியாபாரம் அன்றோடு படுத்துவிடும், ஏனென்றால் அம்மாவின் பிறந்தநாளுக்கு உருத்திரபுரத்துக்குக் கேக் அனுப்புகிற மகன் ஸ்காபரோவில் இருந்துதான் தேடுகிறான். விளம்பரத்தை ரொறன்ரோ நேரத்துக்கு ஓடவிட வேண்டும், கனடாவைத் தனியாகப் பிரித்துத் தனிச் செலவெல்லை வைக்க வேண்டும். பாடத்தை அறிந்திருப்பது ஒன்று, பாடத்தை எங்கே மீற வேண்டும் என்று அறிந்திருப்பது வேறொன்று. இரண்டாவதுதான் அனுபவம், அதுவும் முதலாவதை விடாமல் படித்துக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே கைகூடும்.

என்னை மிகவும் கொதிக்க வைப்பது பயிற்சி நெறி விற்பவர்கள். மூன்று மாதத்தில் நிபுணர், மாதம் இலட்சக்கணக்கில் வருமானம், சர்வதேசச் சான்றிதழ் என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஒட்டுகிறார்கள். புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு தங்கச்சி, தாயின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் கட்டிப் படித்துவிட்டு, வேலை தேடி என்னிடம் வந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த குறிப்புக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். விரிவாக்கப்பட்ட உரை விளம்பரம், அதாவது நாம் எழுதிய வரிசையிலேயே தோன்றும் பழைய வகை விளம்பரம், எழுதுவது எப்படி என்று பக்கம் பக்கமாக இருந்தது. அந்த வகை விளம்பரத்தைப் புதிதாக உருவாக்கவோ திருத்தவோ முடியாது என்று கூகுள் நிறுத்தியது 2022 ஜூன் 30 உடன். இப்போது நாம் 15 தலைப்புகளும் 4 விவரிப்புகளும் வரை எழுதிக் கொடுக்கிறோம், எதை எதோடு சேர்ப்பது என்று இயந்திரம் தீர்மானிக்கிறது. ஆகவே ஒவ்வொரு தலைப்பும் எதற்கு அருகில் வந்தாலும் பொருள் கெடாமல் நிற்க வேண்டும், அது தனியாகப் பழக வேண்டிய கலை. தமிழில் அது இன்னும் கடினம். ஒரு தலைப்புக்கு 30 குறிகள்தான் இடம். “கிளிநொச்சி” என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் அது பத்துக் குறி. ஊர்ப்பெயரை எழுதியதுமே மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விடுகிறது. இதில் ஒரு வரியாவது அந்தக் கொப்பியில் இல்லை.

அந்தப் பிள்ளை பெருமையோடு நீட்டிய சான்றிதழ், கூகுளின் பயிற்சித் தளத்தில் எவரும் ஒரு சதமும் கொடுக்காமல் பரீட்சை எழுதிப் பெறக்கூடியது. அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும், பிறகு மீண்டும் எழுத வேண்டும். சான்றிதழ் வழங்குபவரே வருடா வருடம் திரும்பிப் படி என்று சொல்லும்போது, அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டச் சொல்லி விற்பது கொள்ளை. இலவசமானதை விற்றதையாவது பொறுத்துக்கொள்ளலாம், இனிப் படிக்கத் தேவையில்லை என்ற நினைப்பையும் சேர்த்து விற்றதை எப்படிப் பொறுப்பது? 2009 க்குப் பிறகு தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழ் இருந்து படித்து எழும்பிய தலைமுறை இது. படிக்கப் பின்னிற்கும் பிள்ளைகள் இங்கே இல்லை. அவர்களிடமே பழையதைப் புதியதென்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்.

பிறகு நேர்முகத் தேர்வு. அதே தங்கச்சியைக் கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்தின் இணையவழி நேர்முகத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தி அனுப்பினேன். ஐந்து வருட அனுபவம் வேண்டும் என்று கேட்டிருந்தாலும் பரவாயில்லை, முயன்று பார் என்றேன். அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, இணையப் பக்கத்தின் மறைகுறியில், அதாவது வாசிப்பவர் கண்ணில் படாமல் தேடுபொறிக்காக எழுதி வைக்கும் குறிப்பில், முக்கியச் சொற்களை எத்தனை எழுத வேண்டும் என்பது. அந்தக் குறியைத் தேடல் முடிவுகளின் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்தது 2009 செப்டம்பரில். அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவருக்குப் பிடிக்கவில்லை. “அனுபவம் போதாது” என்று பதில் வந்தது. அனுபவம் யாருக்குப் போதாது? ஒரே வருடத்தைப் பத்துத் தடவை திரும்பச் செய்தவர் கதிரையில் இருந்துகொண்டு, நேற்றிரவு வரை வாசித்துவிட்டு வந்த பிள்ளையைத் தட்டிக்கழிக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்யும் கமக்காரர் எவரும் போன வருடத்துக் கணக்கை வைத்து இந்த வருடம் சிறுபோகம் விதைப்பதில்லை. குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடி, யாருக்கு எவ்வளவு ஏக்கர் என்று முடிவெடுத்த பிறகே மாட்டையோ உழவு இயந்திரத்தையோ இறக்குகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போன நாளை வேலை செய்யாத நாள் என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் தொழிலில் அந்தக் கூட்டம் நடப்பது பெரும்பாலும் நள்ளிரவில். கூகுளின் அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, அமெரிக்காவின் பகல் நேரத்தில் வருகின்றன. 2022 இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக நாடே தவித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் மேலே சொன்ன உரை விளம்பர மாற்றத்தின் கடைசித் திகதி வந்தது. மின்சாரம் வரும் மணித்தியாலத்துக்காகக் காத்திருந்து, எல்லாக் கணக்குகளிலும் விளம்பரங்களைப் புதிதாக எழுதி முடித்தோம். அடுத்த வருடம் ஜூலை 1 அன்று தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் பழைய கூகுள் பகுப்பாய்வுக் கருவி தரவு சேகரிப்பதை நிறுத்தியது. புதியதில் அளவிடும் முறையே வேறு. பழைய தரவை இறக்கி வைக்காதவர்கள் 2024 ஜூலையில் அதைப் பார்க்கும் வழியையும் இழந்தார்கள். என்னுடைய வாடிக்கையாளர்கள் எவருக்கும் அந்த இழப்பு வரவில்லை. அதற்காக நான் படித்த இரவுகளுக்கு எவரும் ஒரு ரூபாய்கூடத் தந்ததில்லை, கேட்டபோது “அது உம்முடைய தொழில் அறிவுதானே” என்றார்கள். ஆம், என்னுடைய அறிவுதான். காப்பாற்றப்பட்டது யாருடைய தரவு?

இப்போது புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. “எல்லாம் செயற்கை நுண்ணறிவு செய்யுதாம், நீர் ஏன்?” என்கிறார்கள். முல்லைத்தீவுக் கருவாட்டைக் கனடாவில் விற்கும் ஒருவர், இயந்திரத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதித் தளத்தில் ஏற்றச் சொல்கிறார். தரவரிசையை ஏமாற்றுவதற்காகத் திரளாக உள்ளடக்கம் உற்பத்தி செய்வதைத் தண்டிக்கும் விதியை 2024 மார்ச்சில் கூகுள் கொண்டுவந்தது என்று சொன்னால், நான் வேலைக்குக் கள்ளம் செய்வதாக நினைக்கிறார். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுபவர்களுக்கான வழிகாட்டலில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாக 2022 டிசம்பரில் சேர்த்தவர்கள் அவர்கள். கடற்கரையில் கருவாடு காயவைக்கும் அம்மாவிடம் போய், எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதினாலே அந்த நூறு கட்டுரைக்கும் மேலானது. அதை எழுத நான் ஆயத்தம். கேட்பவர்தான் இல்லை.

விளம்பரக் கணக்குக்குள் கூகுளே ஒரு மதிப்பெண் காட்டும். தான் தரும் பரிந்துரைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டால் அது 100 வரை ஏறும். அனுபவம் இல்லாதவர் அந்த எண்ணைக் காட்டி வாடிக்கையாளரைக் குளிர வைக்கலாம். பரிந்துரைகளில் பல, செலவெல்லையை உயர்த்து, சொற்பொருத்தத்தை அகலமாக்கி இன்னும் பல தேடல்களுக்கு விளம்பரம் காட்டு என்பவைதான். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று நின்று யோசிக்கிற இடத்தில்தான் என் கூலி இருக்கிறது. முதலிடம் நிச்சயம் என்று உறுதி கொடுப்பவரிடம் போகிறேன் என்று மிரட்டுபவர்கள் தாராளமாகப் போகலாம். கூகுளில் முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

அடுத்த மாதத்திலிருந்து நான் அனுப்பும் கணக்குத் தாளில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: கற்றலும் பரிசோதனையும், இத்தனை மணித்தியாலம், இத்தனை ரூபாய். எதைப் படித்தேன், அதனால் உங்கள் கணக்கில் என்ன மாற்றினேன் என்பதையும் கீழே எழுதுவேன். புதுக்குடியிருப்புத் தங்கச்சி இப்போது என்னோடு வேலை செய்கிறாள். அவளுடைய சம்பளத்திலும் அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும். அந்த வரியை வெட்டச் சொல்லி அழைப்பெடுப்பவர்களோடு இனி நான் விலை பேசப் போவதில்லை.