பால்குடியில் கொழுத்த கன்று பிறகும் குறைந்த தீனில் கொழுக்குமா?

யாழ்ப்பாணத்தில் மாடு வளர்ப்போரின் வைபர் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘பால்குடியில் நன்றாகப் பெருத்த நாம்பன், பால் மறந்த பிறகும் குறைந்த தீனிலேயே எடை போடும், பார்த்து வாங்குங்கள்.’ இது பிழை.

கன்று பால் குடிக்கும்போது உள்ளே ஒரு தசைமடிப்பு குழாய்போல் மூடிக்கொள்ளும். மாட்டுக்கு உள்ள நாலு இரைப்பை அறைகளில், பால் முதல் இரைப்பையைத் தொடாமல் நேராக நாலாவதுக்குப் போய், அங்கும் பிறகு சிறுகுடலிலுமாக ஏறக்குறைய முழுதும் செரித்துவிடும். அப்போதைய எடையில் பெரும்பங்கு தாயின் பால்வளம்தான்.

பால் நின்றதும் கதை வேறு. வைக்கோலையும் பூவரசங்குழையையும் முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்க வேண்டும்; சத்தில் ஒரு பகுதி மீதேன் வாயுவாக ஏப்பத்தில் போய்விடும். இறைச்சிக் கன்றின் தீன் திறனை, அதாவது தின்ற தீனுக்கு எவ்வளவு எடை போடுகிறது என்பதை, வழக்கமாகப் பால் மறந்த பிறகுதான் அளப்பார்கள். வாங்கமுதல், அது தவிடு, குழை தின்னப் பழகிவிட்டதா என்று கட்டாயம் கேளுங்கள்.