பழைய காரை விடச் சொல்வதற்கு முன்னால்

"பழைய காரை எடைக்குப் போட்டுவிட்டு பஸ்ஸிலும் ரயிலிலும் போகப் பழகுங்கள்" என்று சென்னை நண்பர்கள் எழுதும் பதிவுகளை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல மனசோடுதான் எழுதுகிறார்கள். மெட்ரோ நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் என் வீடு இருந்தால் நானும் அதையேதான் எழுதுவேன். ஆனால் நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம் பக்கம், கடலுக்கு நெருக்கமான ஒரு சின்ன ஊரில். ஓட்டுவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற கார்ப்ரேட்டர் வைத்த பழைய மாருதி 800. மகள் வேலை பார்ப்பது வடபழனியில். அதனால் மெட்ரோவையும் தெரியும், நடுவழியில் நிற்கிற காரையும் தெரியும். இரண்டைப் பற்றியும் மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

முதலில் மெட்ரோ. எழும்பூரில் ராமேஸ்வரம் ரயிலை விட்டு இறங்கும்போது ஊர் இன்னும் முழுசாக எழுந்திருக்காது. பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனால் விளக்கு எரிகிறது, அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும் என்று பலகை சொல்கிறது, சொன்னபடி வண்டி வந்து நிற்கிறது. பத்து ரூபாயில் தொடங்கி ஐம்பது ரூபாய்க்குள் எங்கேயும் போகலாம். நேரு பார்க், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர் என்று பூமிக்கடியிலேயே போய், திருமங்கலம் தாண்டியதும் வண்டி மேலே ஏறி வெளிச்சத்துக்கு வரும். ஜன்னல் முழுக்கக் கோயம்பேட்டுக் காலை. அந்த இடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்கூடத் தலையை நிமிர்த்துவதைக் கவனித்திருக்கிறேன்.

2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் மட்டும் ஓடத் தொடங்கிய ரயில் இது. 2017 மே மாதம் சுரங்கத்துக்குள் போனது. 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரை நீண்டது. இன்று அதில் போகிறவர்களுக்கு அது சாதாரணம். எனக்கு இன்னும் சாதாரணமாகவில்லை. ஏசியும் பளபளப்பும் எனக்குப் பெரிசில்லை. காத்திருக்கும்போது மனசு படபடக்காமல் இருக்கிறதே, அதற்காகத்தான் எனக்கு மெட்ரோவைப் பிடிக்கும். வண்டி வருமா வராதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை அங்கே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. எந்த வாசலில் ஏறி வெளியே வருகிறோம் என்பது தெரியாவிட்டால், ரோட்டின் தப்பான பக்கத்தில் நிற்போம். வயசானவர்கள் மூட்டையோடு அந்த ரோட்டைக் கடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும். சென்ட்ரலில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் மூட்டு வலிக்காரர்கள் களைத்துப்போகிறார்கள். இரண்டாம் கட்ட வேலைக்காக வடபழனி, கோடம்பாக்கம், போரூர்ப் பக்கமெல்லாம் தடுப்புத் தகடு வைத்து வருஷக்கணக்கில் தோண்டினார்கள். அந்த ரோட்டில் கடை வைத்திருந்தவர்களின் கஷ்டத்தை யாரும் சரியாகக் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. அப்புறம், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர். மெட்ரோவுக்கு முப்பது ரூபாய் கொடுத்தவர் அந்தத் தூரத்துக்கு ஆட்டோவுக்கு எண்பதோ நூறோ கொடுக்கிறார். மகளுக்கும் இதே புலம்பல்தான், நியாயமான புலம்பல்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஊரிலிருந்து போகும்போது என் மனைவி கட்டாயம் கருவாடு கட்டித் தருவாள். நெத்திலியும் சீலாவும். ராத்திரி ரயிலில் ஜன்னல் திறந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. மெட்ரோவின் கதவு மூடிய ஏசிப் பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எங்கள் கடற்கரையிலிருந்து பிள்ளைக்குக் கொண்டுபோகிற சாப்பாடு அது.

சரி, இப்போது அதே ரயிலில் திரும்பி வருவோம். ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கும்போதும் இருட்டுத்தான். எழும்பூரில் அந்த மாதிரி நேரத்தில் பாதாள ரயில் ஓடுகிறது. இங்கே எங்கள் ஊர்ப் பக்கம் போக ஒன்றும் கிடையாது. முதல் டவுன் பஸ் வெளிச்சம் வந்த பிறகுதான். ஆட்டோவில் இருபது கிலோமீட்டர் சொச்சம் போவதென்றால், சென்னையிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டை விட அதிகம் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. திரும்பும்போது காலி வண்டியாகத்தானே வர வேண்டும். அதனால்தான் அந்த நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் பழைய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. அம்பாசிடர், ஆம்னி, 800, பெயின்ட் போன ஜீப். அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதமே நின்றுவிட்டது. 800 அதற்கும் சில மாதம் முன்னால் நின்றது. இங்கே அவை இன்னும் வேலையில் இருக்கின்றன. யாரும் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. வராத பஸ்ஸின் வேலையை அவை செய்துகொண்டிருக்கின்றன.

கடற்கரையில் கார் வைத்திருப்பது என்ன பாடு என்று உள்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. காற்றில் வருகிற உப்பு தகட்டின்மேல் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. மழை இல்லாத நாளிலும் வண்டியின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடுதான் இருக்கும். அந்த உப்பு ஈரத்தில் இரும்பு வேகமாகத் துருவாகிறது. முதலில் பெயின்டில் சின்னக் கொப்பளம் தெரியும். கொப்பளம் தெரிகிற நேரத்தில் உள்ளே தகடு பாதி போயிருக்கும். கதவின் அடி, மட்கார்டின் உள்விளிம்பு, கால் வைக்கிற தரை, சைலன்சர் என்று ஒவ்வொன்றாகப் போகும். ஆனி ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும்போது பெயின்டே தேய்ந்து வெள்ளை பூத்துவிடும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸ்லின் தடவினால் கொஞ்ச நாள் தாங்கும்.

"அடியில் நன்றாகக் கழுவிவிடுங்கள்" என்று எல்லாரும் யோசனை சொல்வார்கள். எந்தத் தண்ணீரில்? எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் நாமே உப்பை ஏற்றுகிற மாதிரி. நல்ல தண்ணீர் குழாயில் வருகிற நாளில் குடங்கள் வரிசையில் இருக்கும். வராத நாளில் காசு கொடுத்து வாங்குகிறோம். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்ற மனசு வருமா? அதனால் ஐப்பசி கார்த்திகை மழைதான் எங்கள் வண்டிகளுக்கு உண்மையான குளியல். மழை பெய்தால் வண்டியை வெட்டவெளியில் நிறுத்துவோம். வேறு ஊரில் மழை வந்தால் ஷெட்டுக்குள் விடுவார்கள்.

மழைக்காலத்துக்கு வேறு தொல்லை இருக்கிறது. லெவல் கிராசிங்கை எடுத்துவிட்டுத் தண்டவாளத்துக்குக் கீழே சப்வே போட்ட இடங்களில் தண்ணீர் தேங்கிவிடும். ஆழம் தெரியாமல் இறங்கினால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில் ஈரம் ஏறி வண்டி அங்கேயே நின்றுபோகும். கேட் இருந்த காலத்தில் பத்து நிமிஷம் நின்றால் ரயில் போய்விடும், கேட்டைத் திறந்துவிடுவார்கள். தேங்கிய தண்ணீர் எப்போது வடியும் என்று சொல்ல ஆள் இல்லை. சென்னையிலும் தி.நகர், வியாசர்பாடிப் பக்கத்துச் சப்வேக்களை மழைக்கு மூடுகிறார்கள். ஆனால் மூடியிருக்கிறது என்று டிவியில் எழுத்து ஓடுகிறது. இங்கே முழங்கால் நனைந்த பிறகுதான் தெரியும்.

வண்டி நிற்பதற்குக் காரணம் ஆயிரம். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடேறி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி என்ஜினுக்குப் போகாது. டேங்கின் உள்ளே உதிர்ந்த துரு, வடிகட்டியைத் தாண்டி கார்ப்ரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டில் போய் அடைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். என் வண்டியில் இருக்கிற ரப்பர் குழாயும் வாஷரும் அதை நினைத்துச் செய்தவை அல்ல. புது வண்டிக்காரர்களுக்கு இது செய்தி. கடலோரத்தில் பழைய வண்டி ஓட்டுகிறவனுக்கு இன்னொரு செலவு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த வண்டியை எனக்கு ஏன் பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க முடியும். கீழக்கரையில் ஒரு மெக்கானிக் காக்கா இருக்கிறார் (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்). போனில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சத்தத்தைக் கேட்பார். "தம்பி, பம்பு சுட்டிருச்சு. ஈரத்துணியச் சுத்திட்டு நெழல்ல நில்லுங்க, அவசரப்படாதீங்க" என்பார். அப்படியே செய்தால் வண்டி கிளம்பிவிடும். ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதி மாட்ட எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தால்தான் நோய் தெரியும் என்கிற புது வண்டி ஏர்வாடி ரோட்டில் ராத்திரி நின்றால் லாரி வைத்துத்தான் தூக்க வேண்டும். வண்டியை ரிப்பேர் பார்ப்பவர் நம் ஊர்க்காரராக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நின்றுபோனவர்களுக்குத் தெரியும். அதைவிட, நின்ற வண்டியைப் பார்த்ததும் கேட்காமலே வந்து தள்ளுகிறவர்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளிவிட்ட அக்காமார் இருக்கிறார்கள். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் வேனிலிருந்து இறங்கித் தள்ளியிருக்கிறார்கள்.

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இந்த வண்டியில் போவதும் எனக்குப் பிடிக்கும். எடை குறைவு என்பதால் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மெதுவாகத்தான் போக வேண்டும். பக்கத்தில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம். அதில் ரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் அங்கே சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் எங்கள் சனங்கள் எரிச்சல்பட்டு நான் பார்த்ததில்லை. காரணம் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் ரயில் நின்றால் "காத்து போல" என்பார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். காரணம் சொல்லாமல் நிற்க வைப்பதுதான் மனுஷனை நோகடிக்கிறது.

2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6இல்தான் திறந்தது. நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் ரயில் நின்றுவிட, தீவுக்குப் போகிற ஒவ்வொருவரும் ரோட்டில்தான் போனார்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காதவர்களை, யாத்திரை வந்த கிழவர்களை, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போனதில் இந்த ஓட்டை வண்டிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பல அடுக்குப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உப்புக் காற்று என்ன செய்யும் என்பதைக் கணக்கில் வைத்துக் கட்டியது எனக்குச் சந்தோஷம். அதே கவனம் பாலத்தைத் தாண்டி இறங்குகிற மனிதன் வீடு போய்ச் சேர்வதிலும் இருக்க வேண்டும்.

பழைய வண்டி எல்லாமே ஓட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பிரேக் பிடிக்காத வண்டியும், சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் அரித்துப்போய் மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்து மறைத்த வண்டியும் ரோட்டுக்கு வரவே கூடாது. கறும்புகை விடுகிற வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் நெஞ்சை யார் பார்ப்பது? ஆய்வில் தேறாததை நிறுத்தட்டும், நானே கைதட்டுவேன். பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. இருபது வருஷம் தாண்டினால் அதற்கும் மேல். பசுமை வரி தனி. கட்டுகிறோம். ஆனால் கட்டணத்தை ஏற்றினால் ஆட்கள் காரை விட்டுவிடுவார்கள் என்று நினைப்பது மெட்ரோ இருக்கிற ஊருக்குத்தான் பொருந்தும். இங்கே காரை விட்டவர் பைக்கில் மூன்று பேராகப் போவார். ராத்திரியில், ஆடு மாடு படுத்திருக்கிற ரோட்டில், கைக்குழந்தையோடு. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மெட்ரோ வேண்டாம். சென்னை ரயில் வந்து சேர்கிற நேரத்துக்கு ராமநாதபுரம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு பஸ் நிற்கட்டும். ஒன்று திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்கு. இன்னொன்று தேவிபட்டினம், திருப்பாலைக்குடி வழியாகத் தொண்டிக்கு. உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் ஒரு மினி பஸ். ரயில் தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்கட்டும். சாயங்காலம் சென்னைக்குக் கிளம்புகிற ரயிலைப் பிடிக்க எதிர்த்திசையில் அதே மூன்று வண்டிகள். பஸ் வராத நாளில் வராது என்று முன்னாலேயே போனில் ஒரு வரி தெரியட்டும். எழும்பூர்ப் பலகை சொல்வதை எங்கள் நிறுத்தத்திலும் யாராவது சொல்லட்டும். கூட்டம் சேருமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் விடியலுக்கு முன்னால் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து, அந்தப் பழைய கார்களில் எத்தனை பேர் நெருக்கியடித்து ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.