பாட்டு 1953-க்கு முன்பே இருந்தது
1953-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஹேமிஷ் ஹென்டர்சன் ‘கண்டுபிடித்த’ பிறகுதான் ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடகி ஜீனி ராபர்ட்சனின் இசை வாழ்க்கை தொடங்கியது என்று அவரைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஹென்டர்சன் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அவரைத் தேடிப் போனபோது ஜீனிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அங்குள்ள டிராவலர் என்ற நாடோடிச் சமூகத்தில் பிறந்து, அம்மா பாடக் கேட்டுக் கேட்டே பழைய கதைப்பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். மகள் லிஸி ஹிக்கின்ஸும் பின்னாளில் பெயர்பெற்ற பாடகியானார் என்றால் அந்த வீட்டில் பாட்டு எப்படிப் புழங்கியிருக்கும்! ஹென்டர்சன் செய்தது பெரிய வேலைதான், ஜீனியின் பாட்டை அவர் பதிவுசெய்த ஒலிப்பதிவுகள் இல்லாவிட்டால் நமக்கு எதுவும் கிடைத்திருக்காது. ஆனால் 1953 என்பது வெளியுலகம் ஜீனியைக் கேட்க ஆரம்பித்த வருடம், அவ்வளவுதான். அப்புறம், வாத்தியமே இல்லாமல் வெறும் குரலில் ஜீனி பாடுவதை எப்படிக் கேட்பது என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பாடிய ‘சன் டேவிட்’ (மகன் டேவிட்) என்ற கதைப்பாடலை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். உன் வாளில் என்ன ரத்தம் என்று மகனிடம் தாய் கேட்கிறாள். குதிரையின் ரத்தம் என்று அவன் மழுப்புகிறான். அவள் விடுவதாக இல்லை. கடைசியில், கூடப்பிறந்த ஜானின் ரத்தம் என்கிறான். அந்த ஸ்காட்ஸ் மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் ஒரு பிடில் வாசித்திருந்தால்கூட இடைஞ்சலாகத்தான் இருந்திருக்கும்.