புதன் தவறிய 43 விகலை

கணிப்பு ஒருமுறை பொய்த்தாலே கொள்கையைக் குப்பையில் போடுவதுதான் அறிவியல், இதற்கு மேல் தத்துவம் எதற்கு என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேடையிலிருந்தவர் சொன்னதையும், மறுத்துப் பேச எழுந்த என் கையிலிருந்து ஒலிவாங்கி வாங்கப்பட்டதையும் வந்திருந்த எல்லோரும் பார்த்தீர்கள். அங்கே முடிக்க விடாததை இங்கே முடித்துக்கொள்கிறேன்.

யுரேனஸ் நியூட்டனின் கணக்குப்படி நகரவில்லை. மேடைத் தீர்ப்பின்படி அன்றே நியூட்டன் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே அப்படிச் செய்யவில்லை. இதுவரை காணாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டு, அது இருக்கக்கூடிய இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் யோகான் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து 1 பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. புதனின் பாதை பிசகியபோதும் 1859இல் லெவெரியே அதே மருந்தைத்தான் கொடுத்தார். வல்கன் என்று பெயரெல்லாம் வைத்துத் தேடினார்கள். அப்படியொரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவேயான அந்தப் பிசகை 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியல்தான் தீர்த்தது. ஒரே ஆள், ஒரே உத்தி, இரண்டு முடிவுகள். பிழை கொள்கையிலா, அதனுடன் சேர்த்துக்கொண்ட ஊகத்திலா, கருவியிலா என்பதைச் சோதனை தானாகக் காட்டிக்கொடுக்காது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் துயெம் 1906இலேயே வாதிட்டார். அறிவியல் தத்துவம் தொடங்கும் இடம் இதுதான். ஞாயிறன்று நான் கேட்க வந்ததும் இதைத்தான்.

பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனையில் எனக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டிய இடத்தில் 9.4 வந்தது. நான் நியூட்டனைக் குப்பையில் போடவில்லை. நூலை மறுபடி அளந்தேன். குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கியோடு நிறுத்தியிருந்தேன். மேடையிலிருந்தவரும் அந்த ஆய்வகத்தைத் தாண்டித்தானே வந்திருப்பார்?

“அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் அப்படித்தானே சொன்னார்?” என்பீர்கள். இல்லை. ஒற்றை முரண் போதாது, திரும்பத் திரும்ப நிகழ்த்திக் காட்டத்தக்க விளைவு வேண்டும் என்று 1934இல் அவரே எழுதியிருக்கிறார். “விஞ்ஞானிகள் தத்துவம் படித்துவிட்டா ஆய்வு செய்கிறார்கள்?” ஐன்ஸ்டைன் பெர்ன் நகரில் நண்பர்களோடு உட்கார்ந்து ஹியூம், மாக் ஆகியோரின் தத்துவ நூல்களைப் படித்தார், போதுமா?

“இப்படிப் பேசினால் சோதிடர்களுக்கு வசதியாகிவிடும்” என்கிறார்கள். அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டா கடை திறந்தார்கள்? வெறும் 43 விகலைக்காக வானியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எந்தச் சோதிடர் தன் பிசகை எண்ணால் எழுதி வைத்திருக்கிறார்? இந்த வேறுபாட்டை விளக்கத்தான் தத்துவம் வேண்டும் என்கிறேன். அதற்குக் கிடைத்த பட்டம், “சோதிடத்துக்கு வக்காலத்து”.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தன்று, ஒன்றும் ஆகாது என்று ஊருக்குக் காட்டுவதற்காகத் திண்டுக்கல்லில் நடுத்தெருவில் நின்று உப்புமா சாப்பிட்டவன் நான். அன்று என் பக்கத்தில் நின்று சாப்பிட்டவர்தான் ஞாயிறன்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டவர்.