15 தோட்டா விதி: புலனத்தில் சுற்றும் தகவல் தவறு

“புரொடக்‌ஷன் பிரிவில் 15க்கு மேல் கொள்ளும் மேகசின் தடை. பறிமுதல் செய்துவிடுவார்கள். புதியவர்கள் சின்ன மேகசினை இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.” கைத்துப்பாக்கி சுடும் போட்டியைப் பற்றி சுங்கை சிப்புட் பக்கம் புலனக் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு. (மேகசின் என்பது துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டி; புரொடக்‌ஷன் என்பது போட்டியின் ஒரு பிரிவு.) தகவலின் கடைசி வரி ஆபத்தானதும்கூட.

இந்தப் போட்டிகளை நெறிப்படுத்தும் உலக அமைப்பான ஐபிஎஸ்சியின் விதி பார்ப்பது மேகசின் எவ்வளவு கொள்ளும் என்பதையல்ல, எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பதை. தொடக்க ஒலி எழும்போது எந்த மேகசினிலும் 15 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 17 கொள்ளும் மேகசினில் 15 போட்டு தாராளமாகச் சுடலாம். பல மேகசின்களின் முதுகில் எண் பொறித்த சிறு துளைகள் இருக்கும். 15ஆவதில் தோட்டாவின் பித்தளை தெரிய வேண்டும், 16ஆவது காலியாக இருக்க வேண்டும். இடைவாரில் செருகுமுன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். மீறினால் பறிமுதல் இல்லை. ஓபன் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே ஒளிப்புள்ளிக் குறிநோக்கி பொருத்திய கைத்துப்பாக்கிகளோடு மோத வேண்டும். ஓபன் பிரிவே இல்லாத போட்டியென்றால் புள்ளிகள் கணக்கில் வராது.

மேகசினின் நீளத்துக்கு வரம்பு வைத்திருப்பதும் அதே ஓபன் பிரிவுதான்: 170 மில்லிமீட்டர். இந்த நீள வரம்பையும் 15 தோட்டா விதியையும் குழப்பிக்கொண்டுதான் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரிபாகமும் ஆயுதமே. நம் பிள்ளைகள் விளையாட்டு ஆசையில் போலீஸ் வழக்கில் மாட்டக் கூடாது. எதையும் வாங்குமுன் உரிமம் பெற்ற சுடுதளத்தில் நேரில் கேளுங்கள்.