ரிக்வுட் மைதானத்தின் வலது பக்கம்

அமெரிக்காவின் மிகப் பழைய தொழில்முறை பேஸ்பால் மைதானம் எது என்று கேட்டால் பலரும் பாஸ்டன் ஃபென்வே பார்க்கைச் சொல்வார்கள். அதைவிட இரண்டு வயது மூத்தது அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்து ரிக்வுட் ஃபீல்டு. இரும்பு ஆலைக் குடும்பத்து முதலாளி ரிக் உட்வர்ட் தன் மைனர் லீக் (இரண்டாம் நிலைத் தொழில்முறைப் போட்டி) அணியான பர்மிங்ஹாம் பேரன்ஸுக்காகக் கட்டியது. 1910 ஆகஸ்ட் 18-ல் திறந்தார்கள். அன்றைக்கு ஊரில் கடைகளை மூடிவிட்டு ஜனம் ஆட்டம் பார்க்கப் போனது.

இந்தக் கதையை எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வலது பக்கக் கேலரியிலிருந்து தொடங்க வேண்டும்.

பேரன்ஸ் வெள்ளையர் அணி. அவர்கள் ஆடும்போது கறுப்பின ரசிகர்களுக்கு வலது பக்கம் ஒதுக்கிய இடம் மட்டும்தான். பேரன்ஸ் வெளியூர் போனால் அதே புல்தரையில் கறுப்பினத்தவரின் அணியான பிளாக் பேரன்ஸ் ஆடும். புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜ் 1920களில் இந்த அணிக்காகப் பந்து வீசியவர். 1948-ல் பக்கத்து ஆலைக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான், வயது 17. பின்னாளில் பேஸ்பாலின் மாபெரும் நட்சத்திரமான வில்லி மேஸ்!

அந்த ஆண்டு கறுப்பின லீக்குகளின் இறுதிப் போட்டியான நீக்ரோ உலகத் தொடரில் பிளாக் பேரன்ஸ் ஆடியது. அதுதான் கடைசித் தொடரும்கூட. எதிரணி ஹோம்ஸ்டெட் கிரேஸ். மூன்றாவது ஆட்டம் ரிக்வுட்டில். பில் கிரீசன் பந்து வீச, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் மேஸ் அடித்த அடியில் வெற்றி ரன் வந்தது. தொடரில் பர்மிங்ஹாம் ஜெயித்தது அந்த ஒரு ஆட்டத்தை மட்டும்தான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. 1950களில் பர்மிங்ஹாமில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பேஸ்பால் ஆடக் கூடாது என்று நகரச் சட்டமே இருந்தது. சீட்டு, தாயக்கட்டைக்கும்கூடத் தடை. சேர்ந்து ஆடுவதைவிட ஆடாமலே இருக்கலாம் என்கிற நிலைக்கு ஊர் போய், 1962, 63-ல் பேரன்ஸ் அணியே இல்லாமல் கிடந்தது. இரு நிறத்தவரும் சேர்ந்த அணி 1964-ல்தான் வந்தது. 1967-ல் இங்கே ஆடிய, பின்னாளில் பெரும் நட்சத்திரமான கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சனுக்கு ஓட்டலில் சாப்பாடு கிடையாது, தங்க அறை கிடையாது. சக வீரர் ஜோ ரூடியின் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறார். குடியிருப்பையே கொளுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்ததும் அதுவும் போயிற்று. 2024-ல் இதே மைதானத்தில் நின்று தொலைக்காட்சியில் ஜாக்சனே இதைச் சொன்னார். பல ஆண்டு கழிந்தும் அவருக்கு அந்த ஊருக்குத் திரும்பி வருவது எளிதாக இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு 'பழைய இனிய நாட்கள்' என்று ரிக்வுட்டைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

பேரன்ஸ் 1987-க்குப் பிறகு வேறு மைதானத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ரிக்வுட்டை இடிபடாமல் காத்தார்கள். அவர்களுக்குக் கோடிப் புண்ணியம்.

2024 ஜூன் 20-ல் அங்கே அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக்கின் ஆட்டம் நடந்தது. மேஸ் இறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதல் பந்தை எறிய வந்தவர் கிரீசன். அதே 1948 கிரீசன், வயது 99. அங்கே போகிறவர்கள் பெவிலியனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சரி. அப்படியே வலது பக்கச் சுவர் வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து பிட்சர் நிற்கிற மேடு எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று ஒருமுறை பாருங்கள்.